ஒரு அடிபம்பு, 83 மரணங்கள், ஒரு மேப்: டாக்டர் ஜான் ஸ்னோ கதை

2020-ல் காலையில் எழுந்ததும் பலரும் முதலில் பார்த்தது ஒரு மேப்பைத்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்த மேப்பில் நாளுக்கு நாள் சிவப்பு வட்டங்கள் பெருசாகிக்கிட்டே போச்சு. ஒரு நோய் எங்கே இருக்கு, எங்கே பரவுதுன்னு பொதுத் தரவை மேப்பில் போட்டுப் பார்ப்பது இன்னைக்கு சாதாரண விஷயம். இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பெயர் வந்துவிடும்: ஜான் ஸ்னோ.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஜான் ஸ்னோ இல்ல. இவர் 19-ம் நூற்றாண்டு லண்டன் டாக்டர். ஒரு மேப் வரைந்தார், காலராவுக்குக் காரணமான அடிபம்பைக் கண்டுபிடித்தார், அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார், ஊரே பிழைத்தது. அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை இதுதான்.

இதில் பாதி உண்மை. மேப் வந்தது கைப்பிடியைக் கழற்றிய பிறகு. அவர் சொன்னதைப் பெரும்பாலான அதிகாரிகளும் டாக்டர்களும் அவர் சாகும்வரை ஏற்கவே இல்ல. அப்போ அவர் உண்மையில் செய்தது என்ன?

யார் இந்த ஜான் ஸ்னோ?

1813 மார்ச் 15-ல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். அப்பா கூலித் தொழிலாளி. அவர்கள் குடியிருந்தது ஊஸ் ஆற்றங்கரையில் உள்ள ஏழைகள் பகுதி. வெள்ளம் வந்தால் ஆற்றுத் தண்ணி தெருவுக்குள் வரும்.

14 வயதில் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் தொழில் கற்க அனுப்பப்பட்டார். 1831-ன் கடைசியில் இங்கிலாந்துக்குள் முதல்முறையாகக் காலரா வந்தபோது ஸ்னோவுக்கு வயது 18. பக்கத்தில் கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளர்கள் விழுந்துகிட்டே இருந்தாங்க. அவர்களைப் பார்க்கப் போன இளைஞர் ஸ்னோ, ஒரு விஷயத்தை மறக்கவே இல்ல. சுரங்கத்துக்குள்ளே கழிப்பறை கிடையாது, கை கழுவ வழி கிடையாது. கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை அதே கையால்தான் சாப்பிட்டாக வேண்டும்.

1836-ல் லண்டன் வந்தார். படிப்பை முடித்து 1844-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் வாங்கினார். சோஹோ பகுதியில் ஒரு தெருவில் தனியாகக் குடியிருந்தார். கல்யாணம் செய்துக்கல. பல வருஷம் மதுவைத் தொடாதவர். பல வருஷம் சைவம் மட்டும் சாப்பிட்டவர்.

அவர் காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது காலரா இல்ல, மயக்க மருந்து. ஈதர், குளோரோஃபார்ம் இரண்டையும் எவ்வளவு கொடுத்தால் நோயாளி பத்திரமாக மயங்குவார் என்று அளந்து பார்த்துச் சொன்ன முன்னோடிகளில் ஒருவர் அவர். 1853-ல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவ நேரத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தது ஸ்னோதான். 1857-ல் அடுத்த பிரசவத்துக்கும் அவரையே கூப்பிட்டாங்க.

நாத்தம்தான் நோயா?

அன்றைக்குப் பெரும்பாலான டாக்டர்களும் அதிகாரிகளும் நம்பியது ஒரே விஷயம். அழுகிய பொருள், சாக்கடை, குப்பையில் இருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புது. இதற்கு மயாஸ்மா கோட்பாடு என்று பேர். கேட்க முட்டாள்தனமாகத் தோணலாம். ஆனா எங்கே நாத்தம் அதிகமோ அங்கே நோயும் அதிகமாகத்தான் இருந்தது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்த ஆதாரம் அதுதான்.

வாயுக்களையே தொழிலாக வைத்திருந்த ஸ்னோவுக்கு இது பொருந்தவில்லை. காற்றில் வரும் விஷம் என்றால் முதலில் நுரையீரல்தானே பாதிக்கணும்? காலரா வயிற்றில்தான் தொடங்குது. கஞ்சித் தண்ணி மாதிரி பேதி, வாந்தி, உடம்பில் உள்ள நீர் வற்றிப்போய் சில மணி நேரத்திலேயே மரணம்கூட வரலாம். அப்படின்னா விஷம் வாய் வழியாக, குடிக்கிற தண்ணியிலும் சாப்பிடுகிற சாப்பாட்டிலும் தான் போகணும். நோயாளியின் மலம் கலந்த தண்ணியை அடுத்தவர் குடிக்கிறார், அவருக்கும் வருது. 1849-ல் இதை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார். பெருசா யாரும் கண்டுக்கல.

ஒரே தரவு, இரண்டு முடிவு

ஸ்னோவிடம் ஆய்வகமோ, அரசுப் பதவியோ, பணமோ இல்ல. இருந்தது பொதுத் தரவு.

இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்பு, இறப்புகளை அரசு பதிவு செய்ய ஆரம்பித்தது. லண்டனில் யார் எங்கே எதனால் இறந்தார்கள் என்ற விவரம் வாரா வாரம் அச்சாகி வெளிவந்தது. இந்தப் புள்ளிவிவரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் வில்லியம் ஃபார். கடும் உழைப்பாளி, நேர்மையானவர்.

1848-49 காலராவுக்குப் பிறகு ஃபார் எண்களை அடுக்கிப் பார்த்தார். தேம்ஸ் ஆற்று மட்டத்தில் இருக்கும் பகுதிகளில் மரணம் அதிகம். மேடு ஏற ஏற மரணம் குறையுது. அந்தத் தொடர்பு ரொம்பத் துல்லியமாக இருந்தது. தாழ்வான இடத்தில் கெட்ட காற்று தேங்கும், அதான் காரணம் என்று முடிவுக்கு வந்தார்.

தரவு சரி. கணக்கும் சரி. முடிவு மட்டும் தப்பு. தாழ்வான பகுதிகளில் பல இடங்களுக்குச் சாக்கடை கலந்த தேம்ஸ் தண்ணிதான் போனது. உயரத்துக்கும் மரணத்துக்கும் நடுவில் ஒளிந்திருந்தது தண்ணி. எண்களை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

1854 ஆகஸ்ட் 31

அன்றைய ராத்திரி, சோஹோவில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்தே நாளில், சுமார் 250 கெஜ வட்டத்துக்குள் 500 பேருக்கு மேல் செத்துட்டாங்க. முடிந்தவங்க எல்லாம் வீட்டைப் பூட்டிட்டு ஊரை விட்டே ஓடிட்டாங்க.

ஸ்னோ குடியிருந்தது நடந்து போகிற தூரத்தில். பிராட் தெருவில் ஜனங்க அதிகம் பயன்படுத்திய ஒரு அடிபம்பு இருந்தது. அதன் மேல் சந்தேகம் வந்து தண்ணியை எடுத்துப் பார்த்தார். பெருசா அழுக்கு எதுவும் தெரியல.

அடுத்து பதிவு அலுவலகத்துக்குப் போனார். செப்டம்பர் 2-ல் முடிந்த வாரத்தில் அந்தப் பகுதியில் காலராவால் பதிவான மரணம் 89. அதில் 83 கடைசி மூன்று நாளில் நடந்தவை. அந்த 83 பேரின் முகவரிகளை எடுத்துக்கிட்டு தெருவில் இறங்கினார்.

கிட்டத்தட்ட எல்லா மரணமும் பிராட் தெரு பம்புக்குப் பக்கத்தில்தான். பத்து மரணம் மட்டும் வேறு பம்புக்கு அருகில் இருந்த வீடுகளில். வேற ஒருத்தராக இருந்தால் 83-ல் 73 பொருந்துது, போதும் என்று விட்டிருக்கலாம். ஸ்னோ அந்தப் பத்து வீட்டையும் விசாரித்தார். ஐந்து குடும்பங்கள் பக்கத்து பம்பை விட்டுவிட்டு, பிடித்துப்போய் பிராட் தெருத் தண்ணியையே ஆள் அனுப்பி எடுத்து வந்தவை. இன்னும் மூன்று பேர் குழந்தைகள். அவர்கள் படித்த பள்ளிக்கூடம் அந்த பம்புக்குப் பக்கத்தில் இருந்தது.

மீதி 73 பேரில் 61 பேர் அந்தத் தண்ணியைக் குடித்தவர்கள் என்று தெரிந்தது. ஆறு பேர் குடிக்கவில்லை என்று வீட்டார் சொன்னாங்க. ஆறு பேரைப் பற்றித் தகவலே கிடைக்கல. இந்தப் பன்னிரண்டு பேரின் கணக்கையும் ஸ்னோ மறைக்காமல் எழுதி வைத்தார்.

செப்டம்பர் 7 மாலை அந்த வட்டார நிர்வாகக் குழுவின் முன் போய் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

சாகாதவர்களையும் தேடிப் போனார்

பம்புக்குப் பக்கத்திலேயே ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது. 535 பேர் தங்கியிருந்தார்கள். சுற்றியுள்ள தெருக்களின் கணக்குப்படி பார்த்தால் நூறு பேருக்கு மேல் இறந்திருக்கணும். இறந்தது ஐந்து பேர். காரணம், விடுதி வளாகத்துக்குள்ளேயே தனிக் கிணறு இருந்தது. பிராட் தெருத் தண்ணி அங்கே போகல.

அதே தெருவில் ஒரு பீர் ஆலை. எழுபது பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஒருவர்கூட காலராவில் இறக்கல. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் தருவாங்க, தனிக் கிணறும் உண்டு. தெருப் பம்புப் பக்கமே போனதில்லை என்றுதான் ஆலை முதலாளி நம்பினார்.

நேர்மாறாக இன்னொன்று. காலராவே இல்லாத ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் ஒரு வயதான விதவைத் தாய் காலராவால் இறந்தார். அவர் பல மாதமாக பிராட் தெருப் பக்கமே வந்ததில்லை. அவருடைய மகனிடம் விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு பிராட் தெருத் தண்ணி ரொம்பப் பிடிக்கும். தினமும் வண்டியில் ஒரு பெரிய பாட்டில் தண்ணி அவர் வீட்டுக்குப் போகும். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் அதே தண்ணியைக் குடித்தார். இஸ்லிங்டனில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பிப் போய் அவரும் காலராவில் இறந்தார். இரண்டு இடங்களிலும் அப்போது வேறு காலரா இல்ல.

மேப்பில் இந்த விதவைத் தாய் வெகு தூரத்தில் தனியாக நிற்கும் ஒரு புள்ளி. தப்பான தரவு என்று யாரும் நீக்கிவிடக்கூடிய புள்ளி. ஸ்னோவுக்கு அதுதான் பலமான ஆதாரமானது. ஏன்னா, ஹாம்ப்ஸ்டெட்டுக்கு பிராட் தெருவின் காற்று போகல, தண்ணி மட்டும்தான் போச்சு.

மேப் எப்போ வந்தது?

1854 கடைசியில்தான். 1849 புத்தகத்தைப் பெரிதாக விரித்து எழுதிய இரண்டாம் பதிப்பு 1855-ல் வந்தது. மேப் அதில் அச்சானது. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு மரணத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. பிராட் தெரு பம்பைச் சுற்றி அந்தக் கோடுகள் செங்கல் அடுக்கின மாதிரி குவிந்து நிற்கும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. அதே சோஹோ மரணங்களை ஸ்னோவுக்கு முன்னாடியே மேப்பில் போட்டவர் ஒருவர் உண்டு. லண்டனின் கழிவுநீர் ஆணையத்தில் பொறியாளராக இருந்த எட்மண்ட் கூப்பர். புதுச் சாக்கடைதான் நோய்க்குக் காரணம் என்று ஜனங்க புகார் சொன்னதால் அதைச் சரிபார்க்க வரைந்தார். சாக்கடைக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டினார், அத்தோடு முடிந்தது. மரணங்கள் அதேதான், தெருவும் அதேதான். அவர் கேட்ட கேள்வி சாக்கடையைப் பற்றியது. பம்பைப் பற்றி மேப்பிடம் அவர் கேட்கவே இல்ல.

ஸ்னோ தன் மேப்பை அடுத்து இன்னும் கூர்மையாக்கினார். 1855-ல் வட்டார விசாரணைக் குழுவின் அறிக்கைக்காகத் தந்த மேப்பில் புதிதாக ஒரு எல்லைக்கோடு இருக்கும். பிராட் தெரு பம்புக்கும் சுற்றியுள்ள மற்ற பம்புகளுக்கும் நடந்து போகச் சம தூரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு அது. நேர்க்கோட்டுத் தூரம் இல்ல, தெரு வழியா நடக்கிற தூரம். குடத்தைத் தூக்கிட்டுப் போறவங்க நடக்கிற தூரம். இன்னைக்கு நம்ம போன் மேப் கணக்குப் போடுவதும் அப்படித்தான்.

66,000 வீட்டில்

சோஹோ கதை பிரபலம். ஆனா ஸ்னோவின் பெரிய வேலை அதே 1854-ல் தேம்ஸுக்குத் தெற்கே நடந்தது.

அங்கே இரண்டு தனியார் கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டுத் தண்ணி விற்றன. ஒரே வரிசையில் ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனி, அடுத்த வீட்டுக்கு இன்னொன்று. லாம்பெத் கம்பெனி 1852-ல் தண்ணி எடுக்கும் இடத்தை நகரச் சாக்கடைக்கு மேலே, தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றியது. சதர்க் அண்டு வாக்ஸ்ஹால் கம்பெனி மட்டும் நகரத்துக்குள்ளேயே, பேட்டர்ஸியில் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஆற்றில் லண்டனின் சாக்கடை கலந்திருக்கும்.

தெரு ஒன்று, காற்று ஒன்று, மேடுபள்ளம் ஒன்று. ஏழை, பணக்காரர் வித்தியாசமும் இல்ல. தண்ணி மட்டும்தான் வேற. 3 லட்சம் பேருக்கு மேல் தங்களுக்கே தெரியாமல் ஒரு சோதனைக்குள் இருந்தார்கள்.

ஸ்னோ வீடு வீடாகப் போனார். பல பேருக்கு எந்தக் கம்பெனித் தண்ணி வருதுன்னே தெரியல, ஏன்னா காசு கட்டுவது வீட்டுக்காரர். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பேட்டர்ஸித் தண்ணியில் உப்பு சுமார் 40 மடங்கு அதிகம். ஒரு சின்னக் குப்பியில் தண்ணியைப் பிடித்து சில்வர் நைட்ரேட் விட்டால், வெண்மையாகத் திரளும் அளவை வைத்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம்.

முதல் ஏழு வாரக் கணக்கு இது. சதர்க் அண்டு வாக்ஸ்ஹால்: 40,046 வீடு, 1,263 மரணம். லாம்பெத்: 26,107 வீடு, 98 மரணம். ஒரு கம்பெனிக்கு வீடுகள் அதிகம் என்பதால் மரணத்தை மட்டும் ஒப்பிடுவது நியாயமில்ல. அதனால் 10,000 வீட்டுக்கு எத்தனை மரணம் என்று பார்த்தார். முதல் கம்பெனிக்கு 315, இரண்டாவதுக்கு 37.

கொரோனா மேப்களில் பலர் தடுக்கி விழுந்தது இங்கேதான். எண்ணிக்கையை மட்டும் வட்டமாகப் போட்டால் ஜனத்தொகை அதிகமுள்ள ஊர் எப்போதும் பெருசாகத் தெரியும். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்டால்தான் ஆபத்து எங்கேன்னு புரியும்.

ஆனாலும் யாரும் நம்பல

கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்னுடுச்சு என்பது சினிமா க்ளைமாக்ஸ். ஜனங்க ஊரை விட்டுப் போனதால் மரணம் அதற்கு முன்பே குறைய ஆரம்பித்திருந்தது. இதை ஸ்னோவே எழுதியிருக்கிறார்.

அந்தப் பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் ஸ்னோவின் கருத்தைத் தப்பு என்று நிரூபிக்கத்தான் விசாரணையில் இறங்கினார். ஒவ்வொரு குடும்பத்தையும் அவருக்குத் தெரியும். கேட்கக் கேட்க ஸ்னோ சொன்னதே சரி என்று ஆனது. கடைசியில் பம்புக்கு அடுத்தாற்போல் இருந்த 40-ம் எண் வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று முதலிலேயே பேதி வந்து, பிறகு இறந்ததைக் கண்டுபிடித்தார். குழந்தையின் துணியை அலசிய தண்ணியை அம்மா வீட்டு முன்புறக் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தார். தோண்டிப் பார்த்தால், அந்தக் குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் நடுவில் மூன்று அடிகூட இல்ல. சுவர் சிதைந்து கசிந்துகொண்டிருந்தது.

அந்தக் குழந்தையின் அப்பாவுக்கும் காலரா வந்தது. வந்த நாள் செப்டம்பர் 8. கைப்பிடி கழற்றிய அதே நாள். பம்பு ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது முறையும் அந்தத் தெரு அழிந்திருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அரசின் சுகாதார வாரியம் அமைத்த குழு, தண்ணிதான் காரணம் என்பதை ஏற்கல. 1855-ல் நாடாளுமன்றக் குழு முன்பு, நாத்தம் வரும் தொழிற்சாலைகளால் காலரா வராது என்று ஸ்னோ சாட்சி சொன்னார். லான்செட் மருத்துவ இதழ் அவரைக் கேலி செய்து தலையங்கம் எழுதியது.

1858 ஜூன் 10-ல், குளோரோஃபார்ம் பற்றிய புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஜூன் 16-ல் இறந்தார். வயது 45. லான்செட் வெளியிட்ட சின்ன இரங்கல் குறிப்பில் காலரா என்ற வார்த்தையே இல்ல.

அதே கோடையில் தேம்ஸ் நாறிய நாத்தத்தில் நாடாளுமன்றமே நடுங்கியது. நாத்தத்தைப் போக்கத்தான் பெரிய பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினாங்க. தப்பான காரணத்துக்காகக் கட்டினாலும் அது தண்ணியில் இருந்து கழிவைப் பிரித்தது.

1866-ல் கிழக்கு லண்டனில் மறுபடியும் காலரா. இந்த முறை தண்ணிக் கம்பெனியைத் தேடிப் போனவர் வில்லியம் ஃபார். உயரம்தான் காரணம் என்று எண்களால் நிறுவிய அதே ஃபார். ஸ்னோ செத்து எட்டு வருஷம் கழித்து அவர் வழியில் நடந்து, தப்பு அந்தக் கம்பெனித் தண்ணியில்தான் என்று காட்டினார். 1884-ல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராக் கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்தபோது மிச்சமிருந்த சந்தேகமும் குறைந்தது.

இன்னைக்கு அந்தத் தெரு

பிராட் தெருவுக்கு இப்போ பேர் பிராட்விக் தெரு. கைப்பிடி இல்லாத ஒரு மாதிரிப் பம்பு அங்கே நிற்குது. பக்கத்தில் ஒரு மதுக்கடைக்கு ஜான் ஸ்னோ என்று பேர் வைத்திருக்காங்க, பல வருஷம் மதுவைத் தொடாத மனுஷன் பேரை.

அவருடைய 1854 தரவை இன்னைக்கும் உலகம் முழுக்க மேப் மென்பொருள் படிக்கும் மாணவர்கள் முதல் பயிற்சியாக எடுத்துப் போடுகிறார்கள். சில நிமிஷத்தில் பம்பைச் சுற்றிப் புள்ளிகள் குவிந்துவிடும். அந்தப் பத்து வீட்டுக் கதவையும், ஹாம்ப்ஸ்டெட் அம்மாவின் மகனையும் எந்த மென்பொருளும் போய்த் தட்டாது. அதற்கு இப்பவும் ஒரு ஆள் நடந்து போய்த்தான் கேட்கணும்.